நாய் டாக்டருக்குக் குதிங்கால் எங்கே?

பெண்டாட்டியிடம் பாடம் கேட்பது என்று வீரணன் முடிவு செய்தார். ஆனால், பாடம் கேட்கிறார் என்பது பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாது. ஐம்பது வயதில் அவர் எடுத்த முடிவுகளிலேயே வீரமான முடிவு இதுதான். அதுவரை பேரில் மட்டும் இருந்த வீரம் அன்றைக்குத்தான் உடம்புக்குள் இறங்கியது.

எல்லாம் ஒரு அணிலால் வந்தது.

ராஜபாளையத்தில் ஆர்ட்டிஸ்ட் வீரணனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் போட்ட தலையைத் தெரியாதவர்கள் கிடையாது. கல்யாணத் தலை, காதுகுத்துத் தலை, கட்சித் தலை, கண்ணீர் அஞ்சலித் தலை. பிரஷ் பிடித்த காலத்திலும் தலைதான், ஃப்ளெக்ஸ் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகும் தலைதான். தலைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. ஒரு வெள்ளைச் சட்டை, இரண்டு கூப்பிய கை. எல்லாத் தலைக்கும் அதே உடம்பு.

அப்படிப்பட்டவர் கடைக்கு டாக்டர் செல்லக்கனி தேடி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் குழந்தைகளுக்கென்று புது ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார். உள்ளே நுழைந்ததும் பன்னிரண்டடிச் சுவர் ஒன்று சும்மா நிற்கிறது. அதில் ஒரு அணில் நர்ஸ், ஒரு நாய் டாக்டர், நடுவில் நோயாளியாக ஏதாவது ஒரு மிருகம் வேண்டும். மனுஷரைப் போல நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆனால் மிருகம் மிருகமாகவே இருக்க வேண்டும்.

“புள்ளைக பாத்ததும் தொட்டுப் பாக்கக் கை நீட்டணும் அண்ணாச்சி. ஊசியை மறந்துரணும்.”

“தொட்டா கடிக்கும் டாக்டரம்மா. அம்புட்டு தத்ரூபமா போட்டுத் தாரேன்.”

ஒரு வாரம் உழைத்து மாதிரிப் படம் ஒன்றைப் பெரிய தாளில் போட்டார். சாப்பாட்டு மேஜையில் காய வைத்தார். காய்ந்ததும் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்.

டாக்டரம்மா தாளை விரித்துப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். குழந்தைக்குக் கசப்பு மருந்து கொடுக்கும் குரலில் பேச ஆரம்பித்தார்.

“தப்பா எடுத்துக்கிடாதீக அண்ணாச்சி. இது அணில் நர்ஸ் இல்ல. ஒரு நர்ஸுக்கு அணில் தலையை ஒட்ட வச்சிருக்கீக. நாய் டாக்டருக்குக் குதிங்கால் எங்க? தோள்பட்டை ஏன் போலீஸ்காரருக்கு மாதிரி விரிஞ்சு நிக்குது? அப்புறம் இந்த முடி. இது முடி இல்ல, கோரைப்பாய்.”

வீரணனுக்குக் காது சூடாகிவிட்டது. பிள்ளைக்குச் சளி பார்க்கிற டாக்டருக்கு நாயின் குதிங்காலோடு என்ன சோலி? ஆனால் பன்னிரண்டடிச் சுவர் அவர் கண்முன்னால் வெள்ளையாக நின்றது. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு இத்தனை வருஷத்தில் எந்தச் சுவரும் அவரைக் கூப்பிட்டதில்லை. “இன்னொரு தடவை போட்டுப் பாக்கேன்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் பாண்டிசெல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, படம் திரும்பி வந்துருச்சா?”

“இன்னும் செத்த காயணும். அதான் கொண்டாந்துட்டேன்.”

“ஏழு நாளாக் காயாத பெயிண்டா?”

“தரமான பெயிண்ட்டு.”

பாண்டிசெல்வி தாளை ஒரு பார்வை பார்த்தாள். “இந்த நாய்க்கு முழங்கால் பின்பக்கமா மடங்குது.”

“நாய்க்குப் பின்பக்கந்தான மடங்கும்?”

“அது முழங்கால் இல்ல. குதிங்கால். நாய் விரல ஊணித்தான் நடக்கும். முழங்கால் மேல, வயித்தை ஒட்டி இருக்கு.” மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீரணன் வாசலுக்குப் போனார். தெருவில் ஒரு நாய் நடந்துகொண்டிருந்தது. பார்த்தார். விரலில் நடந்தது. குதிங்கால் அந்தரத்தில் இருந்தது. ஐம்பது வருஷமாக அந்தத் தெருவில் நாய் நடக்கிறது. ஐம்பது வருஷமாக அவரும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்.

பாண்டிசெல்வி பன்னிரண்டு வருஷமாக நாய் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாளாக வேலை பார்க்கிறாள். நாய்க்குத் தன் பேரையே எழுதிக் கொடுத்த ஊரில் அது லேசான வேலையில்லை. முடி மழிப்பாள், கட்டுப் போடுவாள், ஒடிந்த காலை டாக்டர் சேர்க்கும்போது பிடித்துக்கொள்வாள். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் “இன்னைக்கு வேலை எப்படிப் போச்சு?” என்று அவளிடம் வீரணன் கேட்டது சரியாகப் பூஜ்யம் தடவை.

அப்போதுதான் மேலே சொன்ன வீர முடிவை எடுத்தார். நேராகக் கேட்டால் ஆர்ட்டிஸ்ட் மானம் போகும். புருஷன் பாசமாக விசாரிக்கிற மாதிரி விசாரித்துக் கறந்துவிட வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் ஆரம்பித்தார். “ஏட்டி செல்வி, இன்னைக்கு ஆஸ்பத்திரில என்ன விசேஷம்?”

பாண்டிசெல்வியின் கையில் கரண்டி நின்றது. “உங்களுக்கு உடம்புக்கு என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யலை. கட்டுன பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“கேளுங்க. கை வேலையா இருக்கேன். அந்த வெங்காயத்த உரிச்சுக்கிட்டே கேளுங்க.”

வெங்காயம் உரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கூடவே தகவலும் வந்தது. நாய்க்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற காறை எலும்பு கிடையாது. முன்னங்கால் வெறும் சதையால் உடம்போடு தொங்குகிறது. அதனால்தான் அதற்குத் தோள் விரியாது, நெஞ்சு முன்னால் துருத்தி நிற்கும். அணிலுக்குக் காறை எலும்பு உண்டு. அதனால்தான் இரண்டு கையாலும் கொட்டையைப் பிடித்துத் தின்கிறது.

சுவர்க் காறையைப் பற்றி எல்லாம் தெரிந்த வீரணன் எலும்புக் காறையைப் பற்றி அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். முகம் கழுவப் போகிற மாதிரி போய், சட்டைப் பையில் வைத்திருந்த துண்டுத் தாளில் எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் முடி பற்றி. அதற்கு மாவு ஆட்டினார். அதற்கடுத்த நாள் வால் பற்றி. அதற்குத் தண்ணீர்த் தொட்டி கழுவினார். விரல் கணக்குக்கு ஒட்டடை அடித்தார். “அணிலுக்கு முன்னால நாலு விரலு, பின்னால அஞ்சு. அந்த மூலைய விட்டுட்டீங்க பாருங்க.” பத்து நாளில் வீடு பளபளத்தது. பாவம், இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, வேலை வாங்குவதாக நினைத்துக்கொண்டு வித்தையை எல்லாம் கொட்டிவிடுகிறாள் என்று வீரணன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே தரை துடைத்தார்.

ஆனால் சொல்லிக் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. முடி மட்டும் அவருக்கு முடியவில்லை. ஒரு நாள், கூட்டிப் போக வந்த மாதிரி நாய் ஆஸ்பத்திரிக்கே போனார்.

“வந்ததுதான் வந்தீங்க, இதைப் பிடிங்க” என்றாள் பாண்டிசெல்வி.

மேஜையில் ஒரு பெரிய வெள்ளை நாய் நின்றது. தோளில் ஒரு கிழிசல். தையல் போட முடி எடுக்க வேண்டும். வீரணன் நாயின் நெஞ்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அது ஒரு அடி எடுத்து வைத்தபோது தோலுக்கு அடியில் தோள் எலும்பு தட்டு மாதிரி வழுக்கி மேலே ஏறி இறங்கியது. அவர் கைக்குள்ளேயே நடந்தது அது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. நாய்க்கும் சிலிர்த்தது. சிலிர்த்தபோது முடி எல்லாம் எழுந்து திரும்பப் படுத்தது.

“பாருங்க, எப்படிப் படுக்குதுன்னு” என்று பாண்டிசெல்வி விரலால் காட்டினாள். “மூக்குல இருந்து கிளம்பி வருது. கண்ணைச் சுத்திப் பிரியுது. கழுத்துல சேர்ந்து இறங்குது. இந்தா, நெஞ்சுல ரெண்டு பக்கத்து முடியும் வந்து முட்டிச் சுழி விழுது. அய்யனார் கோவில் ஆத்துல தண்ணி பாறையைச் சுத்திப் போகும்ல, அதே கணக்குத்தான். உள்ள எங்க எலும்பு இருக்கோ அங்க பிரியும். எங்க பள்ளம் இருக்கோ அங்க சேரும். முடியப் பாத்தே எலும்பச் சொல்லிரலாம்.”

அவள் முடி எடுக்கும் மிஷினை ஓட்டினாள். பால் போல ஒரு வழி விழுந்தது. நாய் அசையவில்லை. வீரணனும் அசையவில்லை.

தையல் முடிந்ததும் அவள் ஒரு நீள நோட்டை எடுத்து நாலு கோடு இழுத்தாள். கிழிசல் எங்கே, தையல் எத்தனை என்று குறிப்பதற்காக. அவள் கை கழுவப் போன நேரம் வீரணன் நோட்டைப் புரட்டினார்.

பக்கத்துக்குப் பக்கம் நாய். நின்ற நாய், நொண்டிய நாய், பயந்து வாலை ஒடுக்கிய நாய். நாலே கோடுதான். ஆனால் ஒன்றுக்கு ஒன்று வேறு. இது கிழடு, இது கர்ப்பம், இது கடிக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஒரு பக்கத்தில் பூனை ஒன்று கழுத்தில் கூம்பு மாட்டிக்கொண்டு, ஊரிலுள்ள எல்லோர் மேலும் கோபமாக உட்கார்ந்திருந்தது. வீரணன் நோட்டை மூடி, இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தார். நோட்டு சைஸில் யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று சொல்லிப் பார்த்தார். நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, “நாம சேர்ந்து வெளிய போயி நாளாச்சுல்லா?” என்று சொல்லிப் பைக்கில் உட்கார வைத்துச் செண்பகத்தோப்புக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாண்டிசெல்வி மறுபேச்சுப் பேசாமல் ஏறினாள். கட்டுச்சோறு ஏற்கனவே தயாராக இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

மரத்தடியில் ஒரு மணி நேரம் கழுத்து வலிக்க அணில் தேடி அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பிறகு பாண்டிசெல்வி அவர் தாடையைப் பிடித்து மெல்ல இடப்பக்கம் திருப்பினாள்.

கிளையில் மலை அணில் ஒன்று படுத்திருந்தது. வீட்டு அணிலைப் பார்த்த கண்ணுக்கு அது அணிலே இல்லை. கிட்டத்தட்ட ஒரு பூனை அளவு. உடம்பு நீளத்துக்கு மேல் ஒரு வால், கிளைக்குக் கீழே தொங்கியது. வெயில் பட்டதும் அதன் முதுகில் சாம்பல் பூத்தது.

“வெள்ளை முடி கலந்திருக்குன்னு நினைக்காதீங்க” என்று காதோடு சொன்னாள். “ஒவ்வொரு முடியும் அடியில கறுப்பு. நுனி மட்டும் வெள்ளை.”

அணில் எழுந்தது. பின்னங்காலை மடக்கியது. அடுத்த மரம் இருபதடி தூரம். நடுவில் காற்று மட்டும்தான். அது தாவியது. கையும் காலும் விரிந்து, வால் பின்னால் நீண்டு, அந்தரத்தில் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. அந்த ஒரு கணத்தில் தோள் எங்கே, முழங்கால் எங்கே, சதை எங்கே இழுக்கிறது என்று எல்லாவற்றையும் வீரணன் பார்த்தார். அக்கரைக் கிளை ஆடி நின்றது. அவர் வாய் மூட வெகுநேரம் ஆயிற்று.

“ஈ போயிரும்” என்றாள் பாண்டிசெல்வி.

இரண்டாவது மாதிரியை டாக்டர் செல்லக்கனி மேஜையில் விரித்தார். கையை நீட்டி அணில் நர்ஸின் வாலைத் தடவினார். பிறகு கையை எடுத்துக்கொண்டு வெட்கப்பட்டார். “சுவர் உங்களுக்குத்தான் அண்ணாச்சி.”

பதினைந்து நாள் சாரம் கட்டி வேலை பார்த்தார். நாய் டாக்டர் விரலை ஊன்றி நின்றார். அணில் நர்ஸ் நாலு விரலால் ஊசிக் குழலைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நடுவில் நோயாளிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். ஒரு நாள் காலையில், கையில் கட்டோடு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வந்து நின்றாள். பெயர் மாரிச்செல்வி என்று அவள் அம்மா கூப்பிட்டதில் தெரிந்தது. சும்மா இருந்த கையை நீட்டி, அணில் வாலை அடியிலிருந்து நுனி வரைக்கும் தடவினாள். முடி படுக்கிற திசையில் தடவினாள். வெறும் சுவர்தான். ஆனாலும் எதிர்த் திசையில் தடவ அவளுக்குக் கை வரவில்லை. வீரணன் சாரத்தில் நின்றபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரம்மாவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. “இருங்க, இதை ஃபோட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பிருவோம்” என்று போனை எடுத்தார்.

“எந்த அக்கா?”

“நம்ம பாண்டிசெல்வி அக்காதான். எங்க வீட்டு நாயி அவுககிட்டதான வைத்தியம் பாக்குது. அக்கா சொல்லித்தான நான் உங்க கடைக்கே வந்தேன். அவுக சொல்லலையா?”

போன் வீரணன் கைக்கு வந்தது. அவர் பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். அங்கே அவருடைய முதல் படம் இருந்தது. சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஈரம் காயாமல். குதிங்காலில் ஒரு சிவப்பு வட்டம். தோள்பட்டையில் ஒரு வட்டம். முடியில் ஒரு பெரிய வட்டம், அதன் பக்கத்தில் ‘கோரைப்பாய்’. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தது:

‘டாக்டர், இத வேணாம்னு சொல்லிருங்க. நான் சொன்னா அவிய கேக்க மாட்டாவ. நீங்க சொன்னா எங்கிட்ட வந்து கேப்பாவ. கேக்கலைன்னு காட்டிக்கிட்டுக் கேப்பாவ. நான் பாத்துக்கிடுதேன்.’

ராஜபாளையம் வரைக்கும் பஸ்ஸில் வீரணன் வசனம் தயார் செய்துகொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் வசனம் காணாமல் போனது.

“எல்லாம் நீ பாத்த வேலையா?”

“ஆமா.”

“எங்கிட்ட நேரடியாச் சொன்னா என்ன?”

“உக்காருங்க. சொன்னேன். பழைய கடைக்கு நீங்க வேட்டை நாய் போர்டு போட்டீங்கள்ல, அப்பவே சொன்னேன். ‘நீ சும்மா இரு, இது ஆர்ட்டு’ன்னீங்க.”

அவள் சொன்னது உண்மைதான். எந்த வருஷம் என்பதுகூட ஞாபகம் வந்தது. வீரணன் உட்கார்ந்தார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, நேராகவே கேட்டார்.

“நோயாளியாக் கரடி வேணும்கிறாக டாக்டரம்மா. எனக்குக் கரடி வராது. உனக்குத் தெரியுமா?”

பாண்டிசெல்வி அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். “தெரியும். நானே போட்டுத் தாரேன். ஆனா ரெண்டு நாள் நீங்க அந்தப் பக்கம் வரக் கூடாது. பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓடாது.”

சரி என்றார். மனதின் ஒரு மூலையில் சின்ன ஆசை ஒன்று இருந்தது. நோட்டு வேறு, சுவர் வேறு. நாலடி உயரத்தில் கோடு இழுத்துப் பார்க்கட்டும். முட்டிக்கொண்டு நிற்பாள். அப்போது ஆர்ட்டிஸ்ட் வீரணன் பிரஷோடு போய்க் காப்பாற்றுவார். இரண்டு நாளும் கடையில் அந்தக் காட்சியைத்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பிரஷ் கட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். பாண்டிசெல்வி மண்ணெண்ணெயில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரைச் சுற்றி நர்ஸுகள், தாய்மார்கள், பிள்ளைகள். வீரணனைப் பார்த்ததும் எல்லோரும் வழி விட்டார்கள்.

கரடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

வீரணன் பிரஷ் கட்டைக் கீழே வைத்தார். தொழில்காரக் கண்ணால் குறை தேடினார். கிடைக்கவில்லை. கழுத்தில் முடி நீண்டு அடர்ந்து தோளில் சரிந்தது. பொத்தான் போடாத சட்டைக்குள் நெஞ்சில் பிரிந்து வெள்ளை வளைவாக இறங்கியது. தொப்பையின் மேட்டில் விலகி, இடுப்பின் மடிப்பில் போய்ச் சேர்ந்தது. உள்ளே எலும்பு இருந்தது. எலும்பின் மேல் சதை இருந்தது. சதை மூச்சு விட்டது. வலது கை இடது கைச் சட்டையை வீரமாக மேலே சுருட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கண் இரண்டும் இறுக்க மூடியிருந்தன. கீழே பாதத்தில் பத்து விரலும் பயத்தில் மடங்கியிருந்தன. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று நெஞ்சு சொன்னது. ‘அம்மா’ என்று கால்விரல் சொன்னது.

கைகூப்ப வேண்டும் போல இருந்தது வீரணனுக்கு. முப்பது வருஷமாகப் போட்ட அத்தனை தலையும் இந்த ஒரு பாதத்துக்குக் காணாது என்று தோன்றியது. அதில் அவருக்கு வருத்தம் வரவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“உங்க ஆஸ்பத்திரிக்குக் கரடி வராதேட்டி” என்றார் மெதுவாக. “எங்க பாத்து இம்புட்டு நுணுக்கமாப் போட்ட?”

“மத்ததெல்லாம் கஷ்டம். கரடிதான் மனுஷன் மாதிரி குதிங்கால ஊணி நிக்கும்” என்றாள் பாண்டிசெல்வி, விரல் இடுக்கைத் துடைத்தபடி. “அதனால தேடி அலையலை.”

நர்ஸுகள் ஏன் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள் என்று வீரணனுக்கு விளங்கவில்லை. அப்போது வேட்டியை யாரோ இழுத்தார்கள். குனிந்து பார்த்தார். கையில் கட்டோடு மாரிச்செல்வி. அவள் சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி ஒருமுறை சுவரைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு அவர் இடது கையைத் தடவிக் கொடுத்தபடி கேட்டாள்:

“ஊசி ரொம்ப வலிச்சுச்சா தாத்தா?”